பேரலுக்குள்ளே

அன்புள்ள ஐயா,
துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இன்ஸ்பெக்டரிடம் நாலு அங்குலப் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) கொண்ட ரிவால்வர் இருக்கிறது. ஆறு அங்குலமாக மாற்றினால் குறியே தப்பாது என்கிறார் நண்பர். அது உண்மையா? ரைஃப்ளிங் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள்.
கே., கடலூர்

அன்புள்ள கே.,

பேரல் நீண்டால் முன் சைட்டும் பின் சைட்டும் தள்ளி நிற்கும், குறி பார்ப்பதில் பிழை குறையும். வேகமும் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். நண்பர் சொன்னதை அப்படியே நாவலில் எழுதிவிடாதீர்கள், கோபம் வரும் எனக்கு.

என் சித்தப்பா ஆயுதப்படையில் ஆர்மரர், துப்பாக்கிகளைப் பராமரிப்பவர். ஒருநாள் எண்ணெய் தடவிய பேரலில் மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றைக் கோலால் தட்டித் தட்டி மறுமுனைக்குத் தள்ளி, என் உள்ளங்கையில் வைத்தார். குண்டின் உடம்பெங்கும் சாய்வாகப் பள்ளங்கள், பேரலின் உள்சுவரில் திருகலாக வெட்டிய வரிகளின் தடம். அந்த வரிகள்தான் ரைஃப்ளிங். அந்தக் குண்டை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டுத்தான் எந்தத் தோட்டா என்று முடிவு செய்வார். குண்டு பேரலின் வரிப்பள்ளத்தின் அளவைவிட மெலிந்திருந்தால் சூட்டு வாயு பக்கத்தில் கசிந்து ஈயத்தை அரிக்கும், குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கும். ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரின் முன்வாய் பேரலைவிடக் குறுகலாக இருந்தால், குண்டு அங்கேயே சிறுத்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல பேரலும் வீண். ஒரு தோட்டாவை முப்பத்தெட்டு ஸ்பெஷல் என்கிறோம், 0.38 அங்குலம் என்று நினைப்போம், அதன் ஈயக் குண்டின் குறுக்களவு 0.358 அங்குலம்தான். பெயரை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரிவால்வரில் வரிகள் 18¾ அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. நாலு அங்குலத்துக்குள் குண்டு கால் சுற்றுகூடத் திரும்பாது. ஆனாலும் நொடிக்கு 750 அடி வேகத்தில் வெளியேறினால், நொடிக்கு 480 சுற்று! பம்பரத்தைப் போல அந்தச் சுழற்சிதான் குண்டைத் தலைகுப்புறப் புரளாமல் காக்கிறது. ஆறு அங்குலத்திலும் அதே முறுக்குதான்.

அப்புறம், கடலூரில் இருந்துகொண்டு, ஆங்கிலேயக் கணித மேதை பெஞ்சமின் ராபின்ஸ் பெயரைச் சொல்லாமல் ரைஃப்ளிங் பற்றிக் கேட்கிறீர்களே! வரி இல்லாத துப்பாக்கியின் வாயை இடப்பக்கம் வளைத்துச் சுட்டுப் பார்த்தவர் அவர். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் வளைந்தது. வாய்க்குள் உரசி ஏறிய சுழற்சியின் வேலை அது. வரி வெட்டிய பேரல்களைப் பற்றி 1747ல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய இங்கே வந்து, 1751ல் உங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் செத்துப்போனார். கல்லூரி நாட்களில் அந்த இடிபாட்டின் பக்கம் எத்தனையோ மாலை நடந்திருக்கிறேன். அவர் பெயரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

ஒரு அத்தியாயம் அங்கே நடக்கட்டும், தம்பி. இன்ஸ்பெக்டரிடம் நாலு அங்குலமே இருக்கட்டும்.