மண் பட்டியும் மாணவர்களும்

கேள்வி: இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள்தான் சிகிச்சை தருவார்களாமே, நம்பிப் போகலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: தாராளமாக. மலச்சிக்கலுக்காக நானே 10 நாள் போய்வந்தேன். 4½ ஆண்டு படித்து முடித்து, ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். பேராசிரியர் மேற்பார்வை உண்டு. முதல் நாள் ஒரு பயிற்சி மருத்துவர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குத் தூக்கம், சாப்பிடும்போது செல்போன் பார்ப்பீர்களா என்றெல்லாம். எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை! அப்புறம் வயிற்றில் ஈர மண் பட்டி, அதாவது ஈர மண்ணைத் துணியில் பொதிந்து வைப்பது. மார்கழிக் குளிரில் உயிரே போய் வந்தது. தொட்டித் தண்ணீரில் இடுப்பு நனைய உட்காரும் இடுப்புக் குளியல் சுகம்தான். காபியை நிறுத்தியதில் மூன்று நாள் தலைவலி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.