வாரண்ட் இல்லாமல் கைதுசெய்ய வந்தால் தடுக்கலாமா?

கேள்வி: நள்ளிரவில் மஃப்டியில் நான்கு பேர் வந்து தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். வாரண்ட் கேட்டதற்குப் பதில் இல்லை. இப்படி வந்தால் சட்டப்படி தடுக்கலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: கையால் தடுக்காதீர்கள். வாரண்ட் இல்லை என்பதற்காக மட்டும் கைது சட்டவிரோதமாகிவிடாது. திருட்டு போன்ற பல குற்றங்களுக்கு அது தேவையே இல்லை. கைது தவறாகவே இருந்தாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்துள்ள பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, பதவியின் பேரில் செய்வது முழுக்கச் சட்டப்படி இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தால்தான் தற்காப்புரிமை உண்டு.

வந்தவர் போலீஸ் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணமில்லாமலும் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அதனால் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். காட்டிய பிறகும் பிடித்துத் தள்ளினால் அதே சட்டத்தின் 132ஆம் பிரிவு பாயும்: இரண்டு ஆண்டு வரை சிறை, ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. தம்பியோடு நீங்களும் உள்ளே போவீர்கள்.

உங்கள் பலம் கைது மெமோவில், அதாவது கைதின்போது போலீஸ் எழுதும் குறிப்பில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவுப்படி அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். தம்பியும் கையெழுத்திட வேண்டும். கோளாறு நடப்பது நேரத்தில்தான். இரவு 11 மணிக்குக் கூட்டிப்போய், மறுநாள் மாலை 4 மணிக்குக் கைது என்று எழுதினால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும் என்ற கெடு தள்ளிப்போகிறது. உண்மையான நேரத்தைத் தன் கைப்பட எழுதி, அதன் கீழ் தம்பி கையெழுத்திடட்டும்.

வண்டி கிளம்பியதுமே அதன் எண், வந்தவர்கள் பெயர், நேரம் மூன்றையும் எழுதி எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் பதிவுத் தபாலும் போகட்டும். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். கைதின் காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

24 மணி நேரக் கெடு தாண்டினால், காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு போடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் மதுரைக் கிளை அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண் 15100ஐ அழையுங்கள்.

சட்டத்தின் வழி மெதுவானதுதான். தர்மபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992இல் வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய அத்துமீறலுக்கு தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல் வந்தது. உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல். ஆனாலும் போலீசாரும் அதில் தண்டிக்கப்பட்டார்கள்.

ரிமாண்டுக்காக (காவலில் வைக்கும் உத்தரவுக்காக) நிறுத்தும்போது, பிடித்த நேரத்தையும் அடிபட்ட இடங்களையும் தம்பியே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவுசெய்யக் கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் அன்றே கேளுங்கள்.