இரண்டு மாதத்தில் என்ன கண்டுபிடிப்பாய்? – கடிதம்

வணக்கம் சார்,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேபில் டிஎன்ஏ-வைப் பல பிரதி எடுக்கும் பிசிஆர் மிஷின் ஒன்று இருக்கிறது, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அந்தச் சமயத்தில்தான் எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் வந்தது. கோடையில் ஆய்வகத்தில் வேலை பார்க்க ஃபெல்லோஷிப் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "இரண்டு மாதத்தில் என்ன கண்டுபிடிச்சிடப் போற?" என்கிறார் அப்பா. சீனியர்கள் பணம் கட்டித் தனியார் இன்டர்ன்ஷிப் போய் சர்டிபிகேட் வாங்கி வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் என்பதால் விண்ணப்பத்தில் கேட்கும் 'ரைட்-அப்' (என்ன ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்ற குறிப்பு) எழுதவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அநேகமாக ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

இந்த மாதிரித் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே இன்சுலின் கதைக்குப் போய்விடுவார்கள். 1921 கோடையில் டொரண்டோவில் சார்லஸ் பெஸ்ட்டுக்கு 22 வயது, பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். பான்டிங் என்ற அறுவை மருத்துவருக்கு உதவியாள் தேவைப்பட்டது. யார் முதலில் போவது என்று பெஸ்ட்டும் அவருடைய நண்பரும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள், பெஸ்ட்டுக்கு விழுந்தது. அடுத்த ஜனவரியில் சர்க்கரை நோயுள்ள 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போட்டாயிற்று. கதை உண்மைதான். ஆனால் அந்தக் கோடையில் பெஸ்ட்டின் அன்றாட வேலை நாய்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளப்பது. அந்த அளவுகள் தப்பாக இருந்திருந்தால், கணையத்திலிருந்து எடுத்த சாறு சர்க்கரையைக் குறைக்கும் என்ற பான்டிங்கின் யோசனையை நம்ப வழியே இருந்திருக்காது.

எனக்கு அதைவிடப் பிடித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவர், வயது 21. கணையத்தில் தீவு தீவாகக் கிடந்த செல் கூட்டங்களைப் பார்த்தார், பார்த்தபடி எழுதினார், அவற்றின் வேலை என்ன என்று தெரியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். அங்கிருந்துதான் இன்சுலின் வருகிறது என்று உலகத்துக்குத் தெரிய அரை நூற்றாண்டு ஆனது. மாணவப் பருவத்தில் இந்த அளவுக்குச் செய்தால் தாராளமாகப் போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டி ஏன் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது? சாதாரண பாக்டீரியாத் தொற்று பலவற்றுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போதுமே? குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். டிபி கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதிலும் ஒரு பகுதி கிருமிகள் பிரியாமல் தூங்குவது போலக் கிடக்கும், பெருகும் கிருமியைக் குறிவைக்கும் மருந்து அவற்றிடம் அவ்வளவாக எடுபடாது. இதை எப்படி எழுப்புவது, எப்படிக் கொல்வது என்று பல ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அந்தக் கிருமியை உங்கள் கையில் தர மாட்டார்கள். அதற்குத் தனிப் பாதுகாப்பு வசதி வேண்டும், பயிற்சி வேண்டும். அப்படியே தந்தாலும், அது தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரியவே சில வாரங்கள் ஆகும். பரிசோதனை ஒரு முறை தவறினால் உங்கள் கோடை முடிந்தது. அதனால் பல இடங்களில் ஸ்மெக்மாட்டிஸ் என்ற ஆபத்துக் குறைந்த சொந்தக்காரக் கிருமியை வைத்து வேலை நடக்கும். அது இரண்டு மூன்று நாளில் வளர்ந்துவிடும். நோயாளிகளிடம் புதிதாக ரத்தமோ சளியோ எடுத்து ஆய்வு செய்வதும் இரண்டு மாதத்தில் நடக்காது, நெறிமுறைக் குழு அனுமதி கிடைப்பதற்குள் ஜூலை வந்துவிடும். இந்த நேரக்கணக்கைப் புரிந்து எழுதப்பட்ட விண்ணப்பம், படிக்கிறவர் கண்ணில் தனியாகத் தெரியும்.

எங்கே விண்ணப்பிப்பது? பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டம் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தம். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் தருவார்கள். கல்லூரி ஆசிரியர்களும் போகலாம், இது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையத்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஎஸ்ஆர்பி என்ற கோடைத் திட்டத்திலும் உயிரியல் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 1979 முதல் நடத்தும் குறுகிய கால மாணவர் திட்டம் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு, அதை விட்டுவிடுங்கள். தீபாவளி முடிந்த கையோடு தேட ஆரம்பிக்க வேண்டும், சித்திரை வெயிலில் தேடினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. செமஸ்டர் தேர்வு மே மாதத்தில் எதுவரை இழுக்கும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள், பலருக்கு அங்கேதான் இடிக்கிறது.

பணம் கட்டும் இன்டர்ன்ஷிப்பா? வேண்டாம். ஏற்கெனவே விடை தெரிந்த பரிசோதனையை முப்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் ஆய்வு இல்லை. நல்ல ஆய்வகத்தில் பேராசிரியரை வாரம் ஒருமுறை பார்த்தால் அதிர்ஷ்டம். உங்களை உருவாக்குவது அங்கே இருக்கும் பிஎச்டி அக்காவோ அண்ணனோதான். முதல் பத்து நாள், துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கவே போய்விடும். அப்புறம் டிஎன்ஏ-வைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றுமே தெரியாது. எந்தக் கரைசலில் தப்பு என்று அவர்கள் தேடும் விதம் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறீர்கள். அது உங்களுக்குச் சலித்தால் வேறு வேலை தேடலாம், அதுவும் 20 வயதில் தெரிந்துகொள்வது லாபம். அப்பாவிடம் இன்சுலின் கதையெல்லாம் சொல்ல வேண்டாம். உதவித்தொகை, தங்குமிடம் பற்றிய அறிவிப்பை அச்செடுத்துக் கொடுங்கள்.

ரைட்-அப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். 'சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வம்' என்ற வரியைச் சாட்ஜிபிடி எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறது, உங்களுக்கு அது வேண்டாம். பாட்டியின் ஆறு மாதத்தில் தொடங்கி, உங்கள் கேள்வியை நாலு வரியில் கேளுங்கள். நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் எந்த இடம் புரியவில்லை என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தைத் துறைத் தலைவரிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வகுப்பில் உங்கள் கேள்விகளைக் கேட்டுப் பழகிய ஆசிரியர் யாரோ அவரிடம் வாங்குங்கள். ஆங்கிலத்தில் மாற்றிய பிறகு ஆங்கிலத் துறையில் யாரிடமாவது காட்டி, பிழையை மட்டும் திருத்தித் தரச் சொல்லுங்கள். அழகாக்கித் தரச் சொல்லாதீர்கள்.