இலை கொழுத்தால் கிழங்கு கொழுக்குமா?

கேள்வி: போன போகம் ஒரு பரப்பில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) உருளைக்கிழங்கு நட்டோம். அரையடிக்கு ஒரு கிழங்கு வைத்தோம், யூரியாவும் தாராளமாகப் போட்டோம். செடி பச்சைப் பசேலென்று நின்றது. கிண்டினால் பாதிக்கு மேல் நெல்லிக்காயளவு. அவித்தாலும் தண்ணீர்ப் பதம். எங்கே பிழைத்தது? சத்தும் குறைந்திருக்குமா?
- வாசகி, உரும்பிராய்

பதில்: தங்கச்சி, இதே பிழையைக் கோப்பாய்ச் செம்மண்ணில் நானும் விட்டிருக்கிறேன். கரும்பச்சை இலையைக் கண்ட சந்தோசத்தில் இரண்டாம் தரமும் யூரியா எறிந்தேன். கிண்டிய அன்று பெருவிரல் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து வந்தது. முற்றவே இல்லை. யூரியாவில் உள்ள நைதரசன் மிஞ்சினால் செடி இலையை வளர்த்துக்கொண்டே நிற்கும், கிழங்கு முற்றுவது பிந்தும். மாப்பொருள் சேர முன்னமே நாங்கள் கிண்டிவிடுகிறோம். நீங்கள் கேட்ட சத்துக்குறைவு முதலில் அங்கேதான்.

அடுத்தது இடைவெளி. வரிசைக்கு வரிசை இரண்டடி, கிழங்குக்குக் கிழங்கு பத்து அங்குலம் என்றால் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 1,630 விதைக்கிழங்கு போதும். அரையடியில் வைத்தால் 2,700 தாண்டும். விதைக்கிழங்கு விற்கும் விலையில் அந்த ஆயிரத்தையும் வாங்கி நெல்லிக்காய் கிண்டுவதா? நெருக்கினால் மொத்த நிறை கொஞ்சம் கூடலாம், ஆனால் சந்தையில் பெரிய கிழங்குக்குத்தான் விலை. மண் அணைக்கவும் இடம் இராது. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும். அதைக் கறிக்கு எடுக்காதீர்கள், நஞ்சு.

இம்முறை நன்றாக உக்கிய மாட்டெருவை அடியில் போடுங்கள். யூரியாவைப் பிரித்து, ஒரு பங்கு நடும்போது, மற்றது ஒரு மாதத்தில் மண் அணைக்கும்போது. அதோடு நிறுத்திவிடுங்கள். பொட்டாஸ் உரத்தைக் குறைக்க வேண்டாம். இலையில் செய்த மாவைக் கிழங்குக்கு இறக்க அது வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. ஒரு கப் உப்பைப் பதினொரு கப் தண்ணீரில் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். தாழ்ந்தால் மாக்கிழங்கு, மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு.

யூரியாவில் நான் இவ்வளவு கண்டிப்பாக நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செடி எடுக்காத நைதரசன் மழையோடு செம்மண்ணில் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்பால் கிணற்றுக்குப் போகிறது. இங்கே யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல கிணறுகளில் இப்படி இறங்கிய நைத்திரேற்று அளவுக்கு மேல். அது கைக்குழந்தைக்கு ஆகாது. தோட்டத்துக்கு இறைக்கும் கிணற்றில்தான் பால்குடிப் பிள்ளையின் பால்மாவுக்கும் தண்ணீர் அள்ளுகிறோம், தங்கச்சி.