21-ஆம் நாள் ரத்தம், 47-ஆம் நாள் பீரியட்ஸ்: இந்த ஹார்மோன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: எனக்கு 29 வயது. 14 மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். பீரியட்ஸ் 36 நாள், 52 நாள், 41 நாள் என்று தள்ளித் தள்ளித்தான் வருகிறது. ஒரு லேபின் ஹார்மோன் பேக்கேஜில், பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து எண்ணி 21-ஆம் நாள் ரத்தம் கொடுத்தேன். புரோஜெஸ்டிரான் 0.7, எல்எச் 11.2, எஃப்எஸ்எச் 5.3, ஏஎம்எச் 8.4, புரோலாக்டின் 34, டிஎஸ்எச் 3.1 என்று வந்தது. இரண்டு நாளில் அங்கிருந்து ஒருவர் போன் செய்து, "உங்களுக்கு முட்டை வெடிப்பதே இல்லை, ஏஎம்எச்சும் தாறுமாறாக இருக்கிறது, நேராக ஐவிஎஃப் போய்விடுங்கள்" என்று ஒரு சென்டரின் பெயரையும் சொன்னார். அந்த மாதம் பீரியட்ஸ் 47-ஆம் நாள் வந்தது. எனக்கு முட்டையே வெடிக்கவில்லையா டாக்டர்? நெஞ்செரிச்சலுக்கு இரண்டு மாதமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு மருந்து எதுவும் இல்லை.

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படி யாராலும் சொல்ல முடியாது. போனில் பேசியவராலும் முடியாது, என்னாலும் முடியாது. எண்ணில் தப்பில்லை. ரத்தம் எடுத்த நாள்தான் தப்பு.

புரோஜெஸ்டிரான் என்பது முட்டை வெடித்த பிறகு, அது இருந்த இடத்திலிருந்து சுரக்கும் ஹார்மோன். வெடிப்பதற்கு முன்னால் எல்லாப் பெண்களுக்கும் அது 1-க்குக் கீழேதான் கிடக்கும். வெடித்து ஒரு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும், பீரியட்ஸ் வரும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறக்குறைய 14-ஆம் நாள் முட்டை வெடிக்கும், ஒரு வாரம் கழித்து 21. "21-ஆம் நாள் டெஸ்ட்" என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பீரியட்ஸ் வந்தது 47-ஆம் நாள். முட்டை வெடித்திருந்தால் அதற்குச் சுமார் 14 நாள் முன்னால், அதாவது 33-ஆம் நாள் வாக்கில் வெடித்திருக்கும். புரோஜெஸ்டிரான் பார்க்க வேண்டிய நாள் 40. உங்களுக்கு ரத்தம் எடுத்தது 21-ஆம் நாள். வெடிக்க இன்னும் 12 நாள் இருக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வெடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? 0.7 என்பது அந்த நாளுக்கு வர வேண்டிய எண்தான். அந்தச் சுழற்சியில் முட்டை வெடித்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வெடித்திருக்கலாம், வெடிக்காமலும் இருந்திருக்கலாம். ரத்தப்போக்கு வந்ததாலேயே வெடித்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் எப்போது எடுப்பது? அடுத்த பீரியட்ஸ் எப்போது வரும் என்று தெரியாதவருக்கு ஒரே நாளைக் குறித்துக் கொடுக்க முடியாது. 28-ஆம் நாள் ஒருமுறை எடுங்கள். பிறகு பீரியட்ஸ் வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை. வந்ததும் பின்னோக்கி எண்ணி, அதற்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்னால் எடுத்தது எதுவோ அதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அது 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது. 6 வந்ததே, 12 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பது. காலையில் ஒரு எண்ணும் மதியம் அதைப்போல் இரண்டு மடங்கும் வரக்கூடும். ஊசி வேண்டாம் என்றால் ஃபோலிகுலர் ஸ்கேனிலேயே முட்டை வளர்வதையும் வெடிப்பதையும் பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பீரியட்ஸ் வரவழைக்கவென்று புரோஜெஸ்டிரான் மாத்திரை சாப்பிட்ட மாதத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

ரிப்போர்ட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். புரோஜெஸ்டிரான் வரிக்கு எதிரே பொடி எழுத்தில் நான்கைந்து அளவுகள் அச்சாகியிருக்கும்: முட்டை வளரும் கட்டம், வெடிக்கும் கட்டம், வெடித்த பிறகு, மாதவிலக்கு நின்ற பிறகு என்று. உங்கள் எண்ணை அதில் எந்த வரியோடு ஒப்பிடுவது? லேபுக்குத் தெரியாது. ரத்தம் எடுக்கும்போது கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதியில் வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பல படிவங்களில் அதற்கு ஓர் இடம்கூடக் கிடையாது. பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் இருக்கும், தேவையான ஒன்று இருக்காது. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நீங்களே பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் தலைப்பில் மூன்று தேதிகளை எழுதிவிடுங்கள்: பீரியட்ஸ் தொடங்கிய நாள், ரத்தம் கொடுத்த நாள், அடுத்த பீரியட்ஸ் வந்த நாள். மூன்றாவது தேதி இல்லாத புரோஜெஸ்டிரான் ரிப்போர்ட்டை நான் படிப்பதே இல்லை.

அடுத்து எல்எச், எஃப்எஸ்எச்: முட்டையை வளர்க்கவும் வெடிக்கவைக்கவும் மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்கள். இவற்றைப் பார்க்க வேண்டியது பீரியட்ஸ் வந்த 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாளுக்குள். புரோஜெஸ்டிரானைப் பார்க்க வேண்டியது அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால். அப்படியிருக்க, ஒரே காலையில் ஒரே ஊசியில் எல்லாவற்றையும் எடுக்கும் பேக்கேஜ் எப்படிச் சரியாகும்? ஒன்றுக்கு நாள் பொருந்தினால் மற்றதற்குப் பொருந்தாது. உங்களுக்கு இரண்டுக்குமே பொருந்தவில்லை. பேக்கேஜ் நமக்கு வசதிதான், ஒரே அலைச்சலில் வேலை முடிகிறது. ஆனால் அதில் கிடைக்கும் எண்களில் பாதி படிக்க முடியாத எண்கள்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. நார்மல் என்று அச்சிடும் அளவு, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. மீதி 5 சதவீதம் பேர் நன்றாக இருந்தும் வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட்களை ஒரே ஆளுக்கு எடுத்தால், எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டெஸ்ட் கூடக் கூட பயமும் கூடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் அடுத்த போன் வருகிறது.

எல்எச் எஃப்எஸ்எச்சைவிட இரண்டு மடங்கு இருந்தால் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை வெடிப்பது தள்ளிப்போகும் நிலை) என்று இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய 2003-இல் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த விதியிலேயே இந்த விகிதம் கிடையாது. அந்த விதியில் மூன்று அடையாளங்கள்: பீரியட்ஸ் சீராக வராதது, ஆண் ஹார்மோன் கூடியதன் அறிகுறி (முகத்தில் முடி, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன்), ஸ்கேனில் நிறையச் சிறு முட்டைப்பைகள். மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்களும் இல்லையென்றால் பிசிஓஎஸ். ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்எச்சையும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சேர்த்தது. உங்களுக்குப் பீரியட்ஸ் சீரில்லை, ஏஎம்எச்சும் கூடுதல். ஆக பிசிஓஎஸ் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏஎம்எச் மட்டும் எந்த நாளில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அது தாறுமாறு என்று சொன்னதில் அர்த்தமில்லை. சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். 8.4 என்றால் நிறைய இருக்கின்றன, அவை முறையாக வளர்ந்து வெடிப்பதில்தான் தாமதம். முட்டையின் தரத்தை அது சொல்லாது, இயல்பாகக் கருத்தரிப்பீர்களா என்பதையும் சொல்லாது. அலகையும் பாருங்கள். உங்கள் 8.4 நானோகிராமையே வேறொரு லேப் 60 பிகோமோல் என்று அச்சிடும். அதையும் இதையும் ஒப்பிட்டு, ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று கலங்கி அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏஎம்எச்சைக் கூட்ட ஒரு பவுடர், குறைக்க ஒரு பவுடர் என்று விற்பவர்களிடம் எதையும் வாங்காதீர்கள்.

அந்தப் போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட் உங்களுடையது. உங்களை ஒருமுறைகூடப் பார்க்காத, பீரியட்ஸ் தேதி கேட்காத ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிகிச்சை சொல்கிறார், கூடவே ஒரு சென்டரின் பெயரும் சொல்கிறார் என்றால் அது ஆலோசனை இல்லை, ஆள் சேர்ப்பது. அடுத்த முறை போன் வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: ரத்தம் எடுத்தது என் சுழற்சியின் எந்த நாள்? என் கணவரின் விந்துப் பரிசோதனை முடிவு என்ன? இரண்டுக்கும் பதில் வராது. வைத்துவிடுங்கள்.

இனி புரோலாக்டின், தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். 34 வந்திருக்கிறது. பெரும்பாலான லேப்களில் உச்ச எல்லை 25-ஐ ஒட்டி இருக்கும். ஊசிக்குப் பயந்தாலும், சரியாகத் தூங்காவிட்டாலும், எழுந்தவுடன் ஓடிப்போய்க் கொடுத்தாலும் இந்த அளவு ஏறும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கடைசி வரியில்தான்: நெஞ்செரிச்சல் மாத்திரை. அதன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டோபிரசோல், ரபிபிரசோல் என்ற பெயருக்குப் பக்கத்தில் டோம்பெரிடோன் என்றோ, லெவோசல்பிரைடு என்றோ இருக்கிறதா? இரண்டும் வயிற்றுக்காகச் சேர்ப்பவை. ஆனால் மூளையில் புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பது டோபமைன். இந்த மருந்துகள் டோபமைனின் வேலையைத் தடுக்கும், கட்டு அவிழ்ந்து புரோலாக்டின் ஏறும். புரோலாக்டின் ஏறினால் முட்டை வளர்வதும் தள்ளும், பீரியட்ஸும் தள்ளும்.

என்னிடம் வந்த ஒருவருக்குப் புரோலாக்டின் 100-ஐத் தாண்டியிருந்தது. தலைக்கு எம்ஆர்ஐ எடுக்க நாள் குறித்தாயிற்று. வீடே கலங்கிப்போயிருந்தது, மூளையில் கட்டியோ என்று. கைப்பையில் இருந்த எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டச் சொன்னேன். அசிடிட்டிக்கு என்று எட்டு மாதமாகத் தினமும் போட்டுவந்த காப்ஸ்யூல் ஒன்று இருந்தது, அட்டையின் இரண்டாவது வரியில் டோம்பெரிடோன். மாத்திரையை மாற்றி எழுதினேன், சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம், 14. "வேறு மருந்து எதுவும் இல்லை" என்றுதான் அவரும் சொன்னார், உங்களைப் போலவே. அசிடிட்டி மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. எழுதிக் கொடுப்பவரும் குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று கேட்பதில்லை.

அதனால் மாத்திரையில் அந்தப் பெயர் இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லி, அது சேராத மாத்திரையாக மாற்றிக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் கழித்து, எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனபிறகு, கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். மனநலத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இப்படி ஏறும். ஆனால் அவற்றை ஒருபோதும் நீங்களாக நிறுத்தக் கூடாது, அந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை எதுவும் இல்லாமலும் இரண்டாம் முறையும் அளவு கூடுதலாகவே வந்தால் மேக்ரோபுரோலாக்டின் என்று சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணில் பெரிதாகத் தெரிந்தாலும் உடலில் வேலை செய்யாத வகை அது. இதையெல்லாம் பார்க்காமல் புரோலாக்டினைக் குறைக்கும் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம்.

தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்எச் 3.1 சரிதான். முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அது சில கருவிகளில் தைராய்டு உட்பட ஹார்மோன் எண்களையே மாற்றிக் காட்டும்.

இனி செய்ய வேண்டியது: நாள் தள்ளும்போதெல்லாம் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரைக்கு முன்னாலும் அதுதான் முதல். அடுத்த பீரியட்ஸ் வந்த 2-ஆம் நாளிலிருந்து 4-க்குள் எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன், கூடவே ஒரு ஸ்கேன். மூன்று மாதம் பீரியட்ஸே வரவில்லை என்றால் 2-ஆம் நாளுக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். எஃப்எஸ்எச் 25-ஐத் தாண்டினால் அன்றைக்கே பாருங்கள், அந்த ஒன்றில்தான் தாமதம் கூடாது. சிறுநீரில் எல்எச் ஏறுவதைக் காட்டி முட்டை வெடிக்கும் நாளைச் சொல்லும், வீட்டில் பார்க்கும் ஓவுலேஷன் கிட்டை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். பிசிஓஎஸ்ஸில் எல்எச் சும்மாவே ஏறி நிற்பதால் வெடிக்காத நாளிலும் இரண்டு கோடு காட்டிவிடும்.

பிசிஓஎஸ் என்று உறுதியானால் முதல் மருந்து லெட்ரோசோல். பீரியட்ஸ் வந்த சில நாளில் தொடங்கி ஐந்து நாள் சாப்பிடும் மாத்திரை. 750 பெண்களிடம் அதிகபட்சம் ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பழைய மருந்தான குளோமிபீனில் 19.1 சதவீதம். பிசிஓஎஸ் மட்டும்தான் காரணம் என்றால் ஐவிஎஃப் வருவது இந்த மாத்திரை, அப்புறம் முட்டையை வளர்க்கும் ஊசி எல்லாம் கடந்து மூன்றாம் படியில். உங்களை முதல் படியில் கால் வைக்கும் முன்பே மூன்றாம் படிக்குத் தள்ளப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு வருடம் முயற்சி செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது பீரியட்ஸ் சீராக வருகிறவர்களுக்கான விதி. 52 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறவரையும் அதே விதியைச் சொல்லி அனுப்பியிருந்தால் அது அநியாயம். வருடத்தில் 13 வாய்ப்பு இருப்பவரும் ஏழெட்டு வாய்ப்பு இருப்பவரும் ஒன்றா?

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 14 மாதமாக எல்லா ஊசியும் உங்கள் கையில்தான் ஏறியிருக்கிறது. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கும். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும், ஊசி கிடையாது, நாள் கணக்கு கிடையாது. லெட்ரோசோல் எழுதும் முன் அந்த ரிப்போர்ட் மேசையில் இருக்க வேண்டும். உங்களுடைய 2-ஆம் நாளுக்காகக் காத்திருக்கும் இந்த இடைவெளியிலேயே அவரைப் போய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.