காற்றுத் தாவரத்தின் அடி ஏன் கருக்கிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட இருக்கிறோம். தில்லாண்ட்சியா எனும், மண்ணில்லாமல் வளரும் காற்றுத் தாவரச் செடிகள் மூன்றைச் செம்புக் கம்பியில் கட்டி விறாந்தையில் தொங்கவிட்டு, தினமும் பின்னேரம் கிணற்றுத் தண்ணீர் தெளித்தோம். ஒன்று அடி கருத்து உதிர்ந்துவிட்டது. மற்ற இரண்டிலும் இலை நுனி காய்கிறது. ஏன்?

பதில்: அடி கருத்தது அழுகல். இந்தச் செடிக்கு வேர் பிடித்துக்கொள்ள மட்டுமே. தண்ணீரை உறிஞ்சுவது இலை மேல் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும் நுண்செதில்கள். இலைத்துளைகள் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். பின்னேரம் நனைத்தால் ஈரம் இரவு முழுக்க இலையை மூடிக் கிடந்து மூச்சை அடைக்கிறது, இலையிடுக்கில் தேங்கிய நீர் அடியை அழுக வைக்கிறது. நடு இலையை மெல்ல இழுத்ததும் கையோடு வந்தால் அந்தச் செடி பிழைக்காது.

நுனி காய்வதற்கு உப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர்; கடற்காற்றும் இலையில் உப்பைப் படியவிடும். மழைநீரைச் சேர்த்துப் பாவியுங்கள். குழாய்நீர் என்றால் ஓரிரவு திறந்த வாளியில் வைத்து எடுக்கலாம். செம்பு இந்தச் செடிக்கு நஞ்சு. கம்பியை இன்றே கழற்றிவிட்டுத் தங்கூசியால் (நைலான் நூல்) கட்டுங்கள்.

தினமும் தெளிப்பதை நிறுத்துங்கள். கிழமைக்கு ஒருமுறை, காலையில், செடியை முழுதாக 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பூத்திருந்தால் பூ நனையக்கூடாது. எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, துணியில் சரித்து வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் அடிவரை காய வேண்டும். காயாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதே முக்கியம்.

கச்சான் எனும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் இலை உள்பக்கமாகச் சுருண்டு குழல் போலாகும். அது தாகம், கிழமைக்கு இருமுறை அமிழ்த்துங்கள். மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். சாரல் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்; மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வேண்டாம்.

கிழக்கு யன்னலோரக் காலை வெயில் நல்லது, மதிய வெயில் இலையைக் கருக்கும். உரம் போட்டே ஆக வேண்டுமென்றில்லை. போடுவதானால் செம்பு, போரன் கலக்காத திரவ உரத்தை, பொதியில் சொன்ன அளவில் கால்வாசியாக, மாதம் ஒருமுறை.

ஒரு செடி வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பிறகு அடியில் குட்டிகள் வரும். தாய்ச்செடியின் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை அவற்றைப் பிரிக்காதீர்கள்.