ராஜா பெயர் இல்லாத கல்வெட்டு

அன்புள்ள ஐயா,

இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வணிகர்களைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அரசர்களை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) போயிருக்காவிட்டால் நம் வணிகர்களை அங்கே யார் மதித்திருப்பார்கள்? பேரரசு போட்ட பாதையில்தானே சரக்கும் பண்பாடும் போகின்றன?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

பல இடங்களில் சரக்கு முதலில் போகிறது, படை அப்புறம்தான் வருகிறது. தாய்லாந்தின் தக்குவா பா பகுதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்வது. 9-ஆம் நூற்றாண்டு. ராஜேந்திரனின் பாட்டனார்கூட அப்போது பிறந்திருக்க மாட்டார்.

சரி, படையெடுப்புக்குப் பின்னால் என்ன நடந்தது? 63 ஆண்டுகள் கழித்து, கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் பக்கம் லோபு துவாவில், திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் ஒரு கல் நட்டார்கள். மரக்கலத்தில் வருகிறவர்கள் பொன்னாகச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டுத்தான் உள்ளே கால்வைக்க வேண்டும் என்கிறது அது. எழுத்து நிறைய சிதைந்திருக்கிறது. ஆனால் தேதி தெரிகிறது: சக ஆண்டு 1010 (கி.பி. 1088), மாசி மாதம். சோழ அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. தஞ்சைப் பக்கம் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தால்கூட இன்ன கோவுக்கு இத்தனையாவது யாண்டு என்று தொடங்கிய காலம் அது!

அந்த வணிகர்கள் ராஜா பெயரை வைத்துப் பிழைக்கவில்லை என்றால், எதை வைத்துப் பிழைத்தார்கள்? ஐந்நூற்றுவர் கணக்கு வழக்கு எதையும் நமக்கு விட்டுவைக்கவில்லை. ஓலை மட்கிவிடும். பக்கத்துக் கடலில் சில வணிகர்களின் கடிதங்கள் தப்பின. அவர்களில் ஒருவரைப் பார்ப்போம். ஆபிரகாம் பென் யிஜு, துனீசியாவின் மஹ்தியா ஊர்க்காரர், யூதர். 1130-களிலும் 40-களிலும் பெரும்பாலும் மங்களூர்ப் பக்கம் இருந்தவர். கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பதற்காகப் பழைய கெய்ரோவின் யூதக் கோயிலில் ஓர் அறை நிறையத் தாள்களைப் போட்டுவைத்தார்கள். அவற்றோடு இவருடைய கடிதங்களும் கிடந்தன. மொழி அரபு, எழுத்து ஹீப்ரு.

மங்களூரில் அவருக்கு ஒரு வெண்கலப் பட்டறை இருந்தது. யேமனின் ஏதன் துறைமுகத்திலிருந்து உடைந்த செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வரும். இத்தனை எடை, இதில் எனக்கு இன்ன மாதிரி கிண்டி வேண்டும், தட்டு வேண்டும் என்று கூடவே கடிதம் வரும். உருக்கி வார்த்து அனுப்புவார். நாம் ஓட்டை அண்டாவைக் கடையில் போட்டு, செய்கூலிக்குப் பேரம் பேசிப் புதுக்குடம் வாங்குகிறோமே, அதேதான். நடுவில் அரபிக்கடல் இருக்கிறது, அவ்வளவுதான். மிளகும் இரும்பும் பாக்கும் போகும். சர்க்கரை, உலர்திராட்சை, காகிதம் வரும். ஓலையில் எழுதும் ஊரில் காகிதம் பெரிய பரிசு. வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் கணக்கு எழுதியிருக்கிறார்.

ஒருமுறை உள்ளூர்த் தரகர் ஒருவர் (கடிதங்களில் ‘கார்தார்’) ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்குத் தரவில்லை. ஏதன் வணிகர் ஜோசப் பென் ஆபிரகாம் எழுதுகிறார்: அவனை மிரட்டி வையுங்கள், பாக்கி வைத்து வாக்குத் தவறுகிறவர்களை இங்கே நாங்கள் கண்டித்து ஓலை விடுவோம், அவனுக்கும் ஒன்று வரும் என்று சொல்லுங்கள். மலபார்க்காரரை ஏதனில் பேர் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறார். அந்த ஏலக்காய்ப் பாக்கி அதற்குப் பிறகும் கடிதங்களில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது என்பது வேறு கதை.

இதே ஆட்கள் எழுதியதில் அரசர்களும் வருகிறார்கள். 1135 வாக்கில் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவு ஆட்சியாளர் தரப்பு ஏதனில் ஒரு பங்கு கேட்டது. மறுத்ததும் 15 கப்பல்களும் சுமார் 700 ஆட்களும் வந்து நின்றார்கள். ஊருக்குள் புகுந்து பிடிக்கும் தெம்பு இல்லை. வருகிற சரக்குக் கப்பலை மடக்கலாம் என்று வாசலிலேயே இரண்டு மாதம் கிடந்தார்கள். கடைசியில் வந்தவை சீராப் நகரத்து வணிகர் ராமிஷ்துடைய இரண்டு கப்பல்கள். காற்று சாதகமாக இருந்ததால் பிடிபடாமல் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டன. ஏதன் வீரர்கள் அவற்றில் ஏறிக்கொண்டார்கள். முற்றுகை கலைந்தது. ஒரு வியாபாரியின் கப்பல்கள் அரசனின் படையைத் துரத்தின! மக்காவின் கஅபாவுக்குச் சீனப் பட்டில் போர்வை கொடுத்தவர் என்று பேர் வாங்கியவரும் இந்த ராமிஷ்த்தான். பண்பாடு போன பாதை என்றீர்களே, அதற்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அரசர்களால் ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 969-இல் ஃபாத்திமி அரச வம்சத்தார் எகிப்தைப் பிடித்த பிறகுதான் இந்தியச் சரக்கு வளைகுடாவை விட்டுச் செங்கடல் பக்கம் சாய்ந்தது. பென் யிஜு போன்றவர்கள் வந்ததே அந்த வழியில்தான். அந்த அளவுக்கு உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் பேரரசு அவர் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்றும் பாருங்கள். 1148-இல் சிசிலி அரசர் ரோஜரின் படை மஹ்தியாவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு பென் யிஜு மங்களூரை விட்டு ஏதனுக்கு வந்து, உடன்பிறந்தவர்களுக்கு எழுதுகிறார். பொருளோடும் பிள்ளைகளோடும் பத்திரமாக வந்துவிட்டேன், நம் எல்லோருக்கும் போதுமானது இருக்கிறது. அங்கே நடந்ததைக் கேள்விப்பட்டேன், யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று சொல்ல ஒரு கடிதமும் வரவில்லையே என்கிறார். மகளை அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவனுக்கே கொடுப்பதாகவும் சொல்கிறார். குடும்பம் சிசிலிக்குச் சிதறியிருந்தது. கல்யாணம் 1156-இல், எகிப்தில்தான் நடந்தது.

அன்புடன்.